நாலு மணி லாரிக்கு முந்தி ஒரு சீட்டு

ஜெயபாரதி பிறந்ததிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை வாயில் வைத்தவளில்லை. திருச்சி உறையூரில், கிருத்திகை வந்தால் வெங்காயத்தைக்கூட வீட்டுக்குள் விடாத குடும்பம். அப்பேர்ப்பட்டவள் துபாய் ஜுமைரா கடற்கரையில், பதினெட்டு அணிகள் கரி மூட்டிக் கறி சுடுகிற போட்டியில், மார்க் மேஜையில் ஏழு வருஷம் ராஜாங்கம் நடத்தினாள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பத்தான் வேண்டும். அவள் எழுதும் மார்க் சீட்டு கைக்கு வந்தால்தான் அடுப்பை அணைப்போம் என்று அமெரிக்கக்காரர்களே அடம்பிடித்திருக்கிறார்கள். ஆனால் அவள் அந்த மேஜைக்கு வந்த கதை பெருமையில் தொடங்கவில்லை. ஒரு பெரிய தப்பில் தொடங்கியது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பொன்மலை ரயில்வே ஆபீசில் வேலை பார்த்தாள். சரக்கு வண்டிகளின் எடையைக் கூட்டும் வேலை. நானூறு வரியை மேலிருந்து கீழே ஒரே மூச்சில் கூட்டி அடியில் எழுதிவிட்டு, "அடுத்த தாள்" என்பாள். மிஷினில் கூட்டிப் பார்த்தவர்கள் மிஷினைத்தான் சந்தேகப்பட்டார்கள். எழுபத்து நாலில் ரவிசங்கரைக் கட்டிக்கொண்டு துபாய் வந்தாள். அவன் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் ஆபீசர். அவன் காலையில் டியூட்டிக்குப் போனால் சாயங்காலம்தான் வருவான். தேரா பகுதி ஃபிளாட்டின் பால்கனியில் நின்று, கீழே போகிற கார்களின் நம்பரைக் கூட்டிக் கூட்டிப் பொழுதை ஓட்டினாள். நம்பர் பலகையில் இங்கிலீஷ் எண்ணை மட்டும்தான் பார்ப்பாள். பக்கத்தில் அரபியில் கோழி கிளறியது மாதிரி என்னமோ இருக்கும். நமக்கெதற்கு அது என்று விட்டுவிட்டாள். விட்டதன் பலனைப் பின்னால் அனுபவித்தாள்.

கம்பெனியில் டக்கர் என்றொரு வெள்ளைக்காரர். பேர்தான் டக்கர், காரியம் ஒன்றும் அப்படியில்லை. வருஷா வருஷம் டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவர்தான் இந்தப் பார்பெக்யூ போட்டியை நடத்துவார். கோழி, மாட்டு நெஞ்சுக்கறி, ஆட்டு விலா என்று மூன்று சுற்று, சுற்றுக்கொரு கோப்பை. ஐந்து நடுவர்கள். தட்டில் அணியின் பெயர் இருக்காது, நம்பர்தான் இருக்கும். ஒவ்வொரு நடுவரும் ஒரு சுற்றுக்கு ஓர் அட்டையில் பதினெட்டுத் தட்டுக்கும் சைபரிலிருந்து ஐந்துவரை மார்க் எழுதுவார். அதைக் கூட்டத்தான் டக்கருக்கு வராது. அவரிடமிருந்த கால்குலேட்டரில் எண்கள் சிவப்பாக மின்னும், வெயிலில் ஒன்றும் தெரியாது. மனுஷர் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு, ஆவி பிடிக்கிறவர் மாதிரி உட்கார்ந்து கூட்டுவார். பாதியில் விட்டதை மறுபடி முதலிலிருந்து கூட்டுவார். கோப்பை யாருக்கு என்பதை மட்டும் ஒருவழியாக ராத்திரி விருந்தில் சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு என்ன மார்க் என்று ஈ காக்காய்க்குத் தெரியாது.

எழுபத்தாறில் ரவிசங்கர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "என் ஒய்ஃப் நல்லாக் கூட்டுவா, டைப்பும் அடிப்பா" என்று சொல்லிவிட்டான். போட்டியன்று சாயங்காலமே அட்டைகள் எல்லாம் ஓர் உறையில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன, எண்ணெயும் கரியுமாக. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு அரை மணியில் கூட்டி முடித்தாள். அந்தக் கூட்டலை வைத்து அன்று ராத்திரியே டக்கர் கோப்பைகளைக் கொடுத்துவிட்டார். டைப் அடித்த தாள் டக்கர் மேஜையில் கிடந்து, நகல் எடுக்கப்பட்டு, அணிகளின் கைக்குப் போகும்போது செவ்வாய்க்கிழமை. தின்ற கறி செரித்து நாலு நாளான பிறகு வருகிற மார்க்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதில் தப்பிருந்தால்தான் யாரிடம் போய்க் கேட்பது?

தப்பு இருந்தது. ஒரே ஒரு வரியில்.

ஷார்ஜா தொழில்பேட்டையில் இருந்த கம்பெனி கேம்பின் சமையல்காரர் சுஐபு. கீழக்கரைக்காரர், ஐம்பதை நெருங்குகிற வயசு. கிச்சன் ஆட்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காகப் பிளந்து அடுப்பாக்கி அவரும் போட்டிக்கு வந்திருந்தார். கோழியிலும் மாட்டிலும் அவருக்கு ஆசையில்லை. ஆட்டு விலாதான் அவர் உயிர். கேம்பில் பாதிப்பேர் லாரி ஏறி அவருக்குக் கைதட்டவென்றே வந்தார்கள். ஆனால் கேம்ப் லாரி நாலு மணிக்குக் கிளம்பிவிடும். ஆறு மணிக்கு அடுத்த ஷிப்ட். அதனால் என்ன மார்க் என்று தெரியாமலே திரும்பிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை மெஸ் சுவரில் தாளை ஒட்டினார்கள். ஆட்டு விலா, சுஐபு அணி: நாலு, ஐந்து, நாலு, நாலு, சைபர். மொத்தம் பதினேழு, ஏழாவது இடம்.

ஏழாவது இடம்கூடப் போகட்டும். அந்தச் சைபர்! கார்மேகம் என்கிற வெல்டர், சிவகங்கைப் பக்கத்து ஆள், வாய் சும்மா இருக்காது. தாளை உரக்கப் படித்துவிட்டு, "சைபர் பாய், இன்னொரு கரண்டி சாம்பார் ஊத்துங்க" என்றான். மெஸ்ஸே சிரித்தது. அன்றோடு சுஐபு என்ற பேர் போயிற்று. பருப்பு கொஞ்சம் தண்ணியாக இருந்தால் சைபர். ரொட்டி கருகினால் சைபர். மலையாளத்துக்காரனும் பட்டாணி ஆட்களும்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இதெல்லாம் ஜெயபாரதிக்குத் தெரியாது. ஜனவரியில் மளிகைக் கடைக்காரர் ஒரு தினக் காலண்டர் கொடுத்தார். ஒவ்வொரு தாளிலும் தேதி இரண்டு விதமாக இருந்தது, இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் அரபி. நாலாம் தேதியைக் கிழித்தாள். இடப்பக்கம் ஐந்து. வலப்பக்கம் ஒரு வட்டம். நம் சைபரேதான், உச்சியில் மட்டும் லேசாக ஒரு கிள்ளல். கிழித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டே புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க. அரபில அஞ்சு இப்படியா எழுதுவாங்க?"

முகத்தில் சோப்பு நுரையோடு ரவிசங்கர் எட்டிப் பார்த்தான். "ஆமா. சைபருக்கு வெறும் புள்ளிதான் வைப்பாங்க. ஏன்?"

"அந்தக் கறி அட்டையெல்லாம் ஆபீஸ்ல இருக்கா? இன்னைக்கே கொண்டாங்க."

சாயங்காலம் அட்டை வந்தது. ஐந்து நடுவர்களில் மூசா என்பவர் அரபி, துறைமுகத்தில் அதிகாரி. எல்லா வரியிலும் இங்கிலீஷ் எண்ணில்தான் எழுதியிருந்தார், மற்றவர்களுக்குப் புரியட்டும் என்று. ஒரே ஒரு வரியில் மட்டும் வட்டம், உச்சியில் அதே கிள்ளல். மறுநாள் ரவிசங்கர் துறைமுகத்துக்குப் போன இடத்தில் அவரிடமே கேட்டான். மூசா அட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "கம்ஸா, பாய், கம்ஸா! பாஞ்ச்! அந்த விலா பஹுத் அச்சா. தின்னுக்கிட்டே எழுதினேன், கை அரபிக்குப் போயிடுச்சு" என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார்.

ஆக, மனுஷர் ருசியில் சொக்கிப்போய்த் தன் பாஷையில் எழுதிய முழு மார்க்கைத்தான் ஜெயபாரதி சைபராக்கியிருந்தாள். ஐந்தைச் சேர்த்துக் கூட்டினாள். இருபத்திரண்டு. முதல் இடம் வாங்கியவர்களுக்கு இருபத்தொன்று. அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நானூறு வரி கூட்டினவளாம்! ஒரு வட்டத்தைச் சைபர் என்று நினைத்ததற்குத் தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

டக்கரிடம் போனால் அவர், "கலாஸ்! முடிந்தது முடிந்ததுதான். கொடுத்த கோப்பையைப் பிடுங்க முடியுமா?" என்று கையை விரித்தார். சரி, சுஐபுவிடமாவது சொல்லவேண்டுமே. அடுத்த வெள்ளிக்கிழமை புருஷனைக் கூட்டிக்கொண்டு கேம்ப் வாசலுக்குப் போனாள். சுஐபு கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். பின்னாலேயே யாரோ, "சைபர் பாயைப் பாக்க ஃபேமிலி வந்திருக்குடோய்" என்று கத்தினான். அப்போதுதான் தன் தப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று அவளுக்குத் தெரிந்தது.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். "பாய், அது சைபர் இல்ல. அஞ்சு. நான்தான் தப்பா அடிச்சுட்டேன். உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட் வரணும். என்னை மன்னிச்சுக்குங்க." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுஐபு கரண்டியை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு, "அஞ்சா போட்டாரு அந்த மனுஷன்?" என்று கேட்டார்.

"அஞ்சுதான் பாய்."

"அல்ஹம்துலில்லாஹ். எனக்கு அது போதும் தங்கச்சி. நீங்க அழாதீங்க." கரண்டியால் உள்பக்கம் காட்டினார். "ஆனா அவனுகளுக்குப் போதாது. இப்ப நான் போயி அது அஞ்சுடான்னு சொன்னா, பாய் கதை விடுறாருன்னு இன்னும் நாலு நாளைக்குச் சிரிப்பானுக. அடுத்த வருஷம் நான் வருவேன். என்ன மார்க்கோ, அது அன்னைக்கே, நாலு மணி லாரி கெளம்புறதுக்கு முந்தி என் கைக்கு வரணும். பயலுவ எல்லாரும் லாரில இருக்கும்போது வரணும். நெசமாவே சைபர்னாலும் சரி, வாங்கிக்கிறேன். செவ்வாக்கெழமை தாள் மட்டும் வேணாம்."

"வரும் பாய்," என்றாள் ஜெயபாரதி. சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது.

வருஷம் முழுக்க யோசித்தாள். டக்கரை ஆபீசில் போய்ப் பார்த்து, மார்க் மேஜை முழுவதும் தன் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டாள். அரபி எண்களைக் காலண்டர் பார்த்துப் பழகினாள். பழகிய பிறகு ஒரு முடிவுக்கு வந்தாள். எந்த நடுவரும் எந்த எண்ணையும் எழுதவே கூடாது. அட்டையில் ஒவ்வொரு தட்டுக்கும் சைபர் முதல் ஐந்து வரை இரண்டு பாஷையிலும் அச்சடித்தாள். நடுவர் செய்யவேண்டியதெல்லாம், பல்குத்தும் குச்சியால் வேண்டிய எண்ணில் ஓர் ஓட்டை போடுவது. எண்ணெய்க் கையால் மை கலையும், ஓட்டை கலையுமா? டக்கர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிசு.

இன்னொன்றும் செய்தாள். எல்லாச் சுற்றும் முடியட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. ஒவ்வொரு அணிக்கும் பேர் அடித்த சீட்டு முன்கூட்டியே தயார், சுற்றுக்கொன்று. அட்டை வந்ததும் மார்க்கைக் கூட்டி நிரப்பவேண்டியது, அடுப்படிக்கே அனுப்பவேண்டியது. கொண்டுபோய்க் கொடுக்க ஆள்? வேறு யார், ரவிசங்கர்தான்.

"நானா? ஆபீசர்ங்கிற மரியாதைய நெனச்சுப் பாரு," என்றான் அவன்.

"நல்லாக் கூட்டுவான்னு ஊரெல்லாம் சொன்ன வாய் எது? ஓடுங்க," என்றாள்.

எழுபத்தேழு டிசம்பர், இரண்டாவது வெள்ளி. ஜும்ஆ தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு முதல் சுற்று. கோழி அட்டைகள் வந்த பத்தாவது நிமிஷம் பதினெட்டுச் சீட்டும் கிளம்பின. ரவிசங்கர் முதல் நடையில் ஷூவோடு போனான், இரண்டாம் நடையில் ஷூ மேஜைக்கடியில் கிடந்தது, பேன்ட் முழங்காலுக்கு ஏறியிருந்தது. அடுப்பில் இன்னும் கனல் இருக்கும்போதே மார்க் கைக்கு வந்ததைப் பார்த்து அமெரிக்கக்காரன் ஒருவன் தொப்பியைத் தூக்கி வீசினான். மாட்டுக்கறியும் அப்படியே முடிந்தது. சுஐபுவுக்கு இரண்டிலும் நடுவாந்திரம்தான். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மூன்றாவது, ஆட்டு விலா. மூன்றரைக்கு அட்டைகள் வந்தன. எண்ணினாள். நாலு. மூசாவின் அட்டையைக் காணோம்.

"அவர் எங்கே?"

டக்கர் கடலைக் காட்டினார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று மூசா போய்விட்டார். அட்டை அவர் சட்டைப் பையில். அதுவரை வந்த நாலு அட்டையையும் அவள் மளமளவென்று கூட்டினாள். முதலில் நின்றது மூன்றாம் நம்பர், டக்கருடைய சொந்த அணி, பத்தொன்பது. அடுத்தது பதினாலாம் நம்பர், பதினெட்டு. பதினாலு யாரென்று அவளுக்குத் தெரியும், சுஐபுதான்.

டக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரத்துக்குக் கொடுக்கணும்னு நீதானே சொன்னாய்? நாலு பேர் மார்க்கை வைத்து முடித்துவிடு. அவர் அட்டை எதற்கு?"

ஜெயபாரதிக்கு வந்ததே கோபம்! போன வருஷம் அந்த மனுஷர் போட்ட ஐந்தைச் சைபராக்கியாயிற்று, இந்த வருஷம் அவரையே சைபராக்கச் சொல்கிறாரே! "மாஃபி," என்றாள், தனக்குத் தெரிந்த நாலு அரபி வார்த்தையில் 'கிடையாது' என்கிறதை எடுத்து. "அஞ்சு அட்டை வந்தாத்தான் சீட்டு." இங்கிலீஷிலும் ஒரு தடவை சொல்லிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, நீங்க லாரிகிட்ட போங்க. எதையாவது சொல்லி நிறுத்தி வைங்க."

லாரியில் ஏற்கெனவே முப்பது பேர் ஏறியாயிற்று. டிரைவர் கௌஸ் முகம்மது, வாணியம்பாடிக்காரர், நாலு என்றால் நாலுதான். ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டார். வெறுங்காலோடு மூச்சிரைக்க வந்து நின்ற ரவிசங்கருக்குப் பொய் சொல்ல வரவில்லை. வாயில் வந்ததைக் கேட்டான். "பாய், தொழுதாச்சா?"

கௌஸ் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, இல்லையே சார்! வழியில எறங்கித் தொழலாம்னு இருந்தேன்." கடலோரம் பார்த்தார். கூட்டுத் தொழுகைக்கு ஜமாஅத் நிற்கப்போகிறது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு குதித்து ஓடினார்.

ஈர மணலில் ஒரே வரிசை. நடுவில் மூசா, பையில் அட்டையோடு. அவருக்கு வலப்பக்கம், தோளோடு தோள் ஒட்டி, சுஐபு. இடக்கோடியில் லாரிச் சாவியோடு கௌஸ். மார்க் போட்டவர் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது சுஐபுவுக்குத் தெரியாது. பதினாலாம் நம்பர் தட்டு யாருடையதென்று மூசாவுக்கும் தெரியாது. எல்லாம் தெரிந்த ஒருத்தி இருபதடி தள்ளிப் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் குனிய, நிமிர, நெற்றியைத் தரையில் வைக்க, அவள் கடிகாரத்தையே பார்த்தாள். அவசரப்படுத்தவும் முடியாது, அவளுக்கு அது தோன்றவும் இல்லை. முருகா, அந்த ஓட்டை எந்த எண்ணில் இருந்தாலும் சரி, நேரத்துக்கு என் கைக்கு வரட்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

மூன்று நாற்பத்தெட்டுக்குத் தொழுகை முடிந்தது. மூசா திரும்பி அவளைப் பார்த்ததும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போனார். "ஸாரி மேடம், ஸாரி!" அட்டையை உருவி நீட்டினார். அங்கேயே மணலில் உட்கார்ந்து மடிமேல் வைத்துக் கூட்டினாள். மூன்றாம் நம்பருக்கு மூன்று, மொத்தம் இருபத்திரண்டு. பதினாலுக்கு? குச்சியை மறுபக்கம் வரைக்கும் இறக்கியிருந்தார் மனுஷர். அட்டையைத் தூக்கினால் அந்த ஓட்டை வழியாகக் கடல் தெரிந்தது. ஐந்து! மற்ற நம்பர் எதுவும் இந்த இரண்டுக்கும் கிட்டே வரவில்லை. இருந்தாலும் பதினெட்டு வரியையும் இரண்டு தடவை பார்த்தாள். இந்தத் தடவை தப்பக் கூடாது.

மேஜைக்கு ஓடி வந்து பதினெட்டுச் சீட்டையும் நிரப்பி, லாரியிடமிருந்து திரும்பி வந்திருந்த ரவிசங்கர் கையில் பதினேழைத் திணித்தாள். "இதையெல்லாம் நீங்க கொண்டு போங்க. அந்த ஒண்ணு நான் குடுக்கணும்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் ஓடினாள். திருச்சியில் யாராவது பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்கள். லாரி உறுமிக்கொண்டிருந்தது. மூன்று ஐம்பத்தேழு. சுஐபு பின்பலகையில் கால் வைத்து ஏறப்போனவர், அவளைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். சீட்டை வாங்கவில்லை. முகம் வெளிறியிருந்தது.

"நீங்களே படிங்க தங்கச்சி. சத்தமாப் படிங்க. என்ன இருந்தாலும் படிங்க."

கௌஸ் எஞ்சினை நிறுத்தினார். அவள் வாழ்க்கையில் பத்துப் பேர் முன்னால் வாய் திறந்தவளில்லை. லாரியில் இருந்த அத்தனை முகமும் அவளைப் பார்த்தது. படித்தாள்.

"ஆட்டு விலா. சுஐபு அணி. அஞ்சு, நாலு, அஞ்சு, நாலு, அஞ்சு. மொத்தம் இருபத்து மூணு. முதல் இடம். போன வருஷமும் சைபர் இல்ல. அது அரபி அஞ்சு, படிக்கத் தெரியாம நான்தான் சைபர்னு அடிச்சேன். போன வருஷமும் இவருதான் முதல்."

படித்து முடித்துச் சீட்டை இறக்கினாள். அப்புறம் லாரியே ஆடியது. தகரத்தைத் தட்டுகிறவன் தட்டுகிறான், விசிலடிக்கிறவன் அடிக்கிறான், பட்டாணி ஒருவன் குதித்து இறங்கிச் சுஐபுவைக் குழந்தை மாதிரி தூக்கி லாரிக்குள் வைத்தான். சுஐபுவின் தாடியெல்லாம் கண்ணீர். ஜெயபாரதியும் அழுதுகொண்டேதான் சிரித்தாள். மணி நாலாகி மூன்று நிமிஷம். நாலு என்றால் நாலுதான் என்கிற கௌஸ் முகம்மது ஸ்டியரிங் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கிளம்புகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

சுஐபு கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பலுக்குள் யாரையோ தேடினார். லாரியின் கடைசி மூலையில், தலைப்பாகையை முகத்துக்கு இழுத்து விட்டுக்கொண்டு கார்மேகம் பதுங்கியிருந்தான்.

"தங்கச்சி," என்றார் சுஐபு, முகமெல்லாம் சிரிப்பாக. "பின்னாடி உக்காந்திருக்கானே, அவனுக்குச் சரியாக் காதுல விழல போல. இன்னொரு தடவ படிங்க."

ஜெயபாரதி லாரியின் படியில் ஏறி நின்று, முதலிலிருந்து மறுபடி படித்தாள்.